எஃப் பிரிவு ரத்தினபாய் டீச்சர்

ரத்தினபாய் அந்தப் பள்ளியில் கணக்கு ஆசிரியையாகச் சேர்ந்தது 1961 ஜூன் மாதத்தில். அதற்கு முன் நாகர்கோவிலில் ஒரு மிஷன் பள்ளியில் இருந்தார். கணவர் தனசிங்குக்குத் தாம்பரம் ரயில்வே ஷெட்டில் ஃபிட்டர் வேலை நிரந்தரமானது. இனியும் ஆளுக்கொரு ஊரில் இருக்க முடியாது என்று, நான்கு வயது மகள் கிருபாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ரயிலேறி வந்துவிட்டார். மேற்குத் தாம்பரத்தில் வாடகைக்கு ஒரு ஓட்டு வீடு கிடைத்தது. விமானப்படைத் தளத்திலிருந்து பயிற்சி விமானங்கள் தலைக்கு மேலே போகும்போதெல்லாம் குழந்தை காதைப் பொத்திக்கொண்டு அழும். ஒரு மாதத்தில் அதுவும் பழகிவிட்டது.

ஊரில் அந்தப் பள்ளிக்கு யாரும் முழுப் பெயர் சொல்வதில்லை. பெரிய ஸ்கூல் என்பார்கள். இரண்டாம் உலகச் சண்டைக் காலத்தில் ஒரு நெல் மில்லின் காலி கிடங்கில் தொடங்கியது. மழை பெய்தால் பிள்ளைகள் பெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார்களாம். ரத்தினபாய் வந்தபோது ஓடு வேய்ந்த நீளக் கட்டடம் ஒன்றும், அதைச் சுற்றிக் கீற்றுக் கொட்டகைகளும் இருந்தன. முடிச்சூர், பொழிச்சலூர், மேடவாக்கம் என்று எங்கெங்கிருந்தோ பிள்ளைகள் நடந்து வந்தார்கள். வரப்பில் நடந்து வந்தவர்களின் கால் சேறு வகுப்பறைத் தரையில் காய்ந்து கிடக்கும்.

தலைமை ஆசிரியர் ஞானையா. ஒல்லியான மனிதர், எப்போதும் வெள்ளைச் சட்டை, பேசும்போது குரல் உயராது. அந்தப் பள்ளியை உண்டாக்கியவர் அவர் என்று சொல்வதில் தப்பில்லை. அரசாங்கம் கொடுக்காத மணலை லாரிக்காரர்களிடமும், கல்லைப் பல்லாவரம் குவாரி முதலாளிகளிடமும் கேட்டு வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஆராதனை முடிந்ததும் சைக்கிளை நேராகப் பள்ளிக்கு விடுவார். கொத்தனார் வந்திருந்தால் அன்று முழுவதும் அங்கேதான். அவர் பொறுப்பேற்ற வருடம் எஸ்.எஸ்.எல்.சி. எழுதியவர்களில் மூன்றில் ஒரு பங்குகூடத் தேறவில்லை. கல்வி அதிகாரி எல்லோர் முன்னிலையிலும் அவரை நிற்க வைத்துப் பேசிவிட்டுப் போனார் என்பார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு வருடமும் தேர்ச்சி ஏறியது. ஏறிய வீதத்தை வாசலில் ஒரு கரும்பலகையில் வெள்ளைப் பெயிண்டால் எழுதி வைத்தார்கள்.

"உங்களுக்குப் பத்தாவது எஃப்" என்றார் ஞானையா முதல் நாளில். "கொஞ்சம் கஷ்டமான கிளாஸ். நீங்க மிஷன் ஸ்கூல்ல இருந்து வந்தவங்க. பொறுமையா இருப்பீங்க."

ரத்தினபாய்க்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தோன்றவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து வருடா வருடம் மார்க்கைப் பார்த்துப் பிரித்துப் பிரித்து, கடைசியில் தங்கியவர்கள் எஃப் பிரிவில் இருந்தார்கள். கீற்றுக் கொட்டகையில், விளையாட்டு மைதானத்தை ஒட்டி. பெருக்கல் வாய்ப்பாடு தடுமாறும் பிள்ளைகள்தான். ஆனால் அவர் எதிர்பார்த்த முரட்டுத்தனம் இல்லை. பாடம் நடத்தினால் கேட்டார்கள். ஒன்றுக்கு இரண்டு முறை சொன்னால் போதாது, ஐந்து முறை சொல்ல வேண்டும். அவர் சொன்னார். பின்னக் கணக்குக்குத் தர்பூசணி வாங்கிப் போய் வெட்டிக் காட்டினார். மார்ச் மாதத்தில் பாதிப் பேருக்காவது இயற்கணிதம் பிடிபட்டது என்று சந்தோஷமாக இருந்தார்.

மே மாதம் பாஸ் லிஸ்ட் ஒட்டினார்கள். எஃப் பிரிவில் பதினோராம் வகுப்புக்குப் போனவர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மற்றவர்களை நிறுத்திவிட்டார்கள்.

ஏதோ கைத்தவறு என்று நினைத்து அவர் ஸ்டாஃப் ரூமுக்கு ஓடினார். அங்கே இருந்த மூத்த ஆசிரியை வேதசிரோமணி தமிழ் விடைத்தாள் கட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல் விளக்கினார். பதினோராம் வகுப்புதான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதுகிற வகுப்பு. அங்கே போனால் நிச்சயம் தேறுவார்கள் என்று தெரிந்தவர்களை மட்டும்தான் அனுப்புவார்கள். மற்றவர்கள் பத்திலேயே இருப்பார்கள். மறுவருடமும் சந்தேகமாக இருந்தால் கையில் டி.சி.

"அப்ப நம்ம பெர்சன்டேஜ்?"

"அப்படித்தான் ஏறுது" என்றார் வேதசிரோமணி. "உனக்குத் தெரியாதா? எல்லா ஸ்கூல்லயும் இதுதான். நம்ம சார் கொஞ்சம் கறாரா செய்யறார், அவ்வளவுதான்."

முதல் இரண்டு மூன்று வருடங்கள் ரத்தினபாய் ஞானையாவிடம் போய்ப் பேசவில்லை. இன்னும் நன்றாக நடத்தினால் தன் பிள்ளைகளை யாரும் நிறுத்த முடியாது என்று நினைத்தார். காலையில் பள்ளி தொடங்கும் முன்பே போய் வகுப்பெடுத்தார். எஃப் பிரிவிலிருந்து கூடுதலாக நாலைந்து பேர் மேலே போனார்கள். அது போதவில்லை. கணக்கில் தேறியவர்கள் ஆங்கிலத்தில் விழுந்தார்கள். ஆங்கிலத்தில் தேறியவர்கள் விஞ்ஞானத்தில். வருடம் தொடங்கும்போது அறுபது முகங்கள், மே மாதம் அதே முகங்கள் லிஸ்டின் முன்னால் நின்றுகொண்டிருக்கும்.

1964இல் கன்னியம்மா அவர் வகுப்புக்கு வந்தாள். முடிச்சூர்ப் பெண். அப்பா ஏரிப் பாசனத்தில் குத்தகைக்குப் பயிர் வைப்பவர். அந்தத் தெருவில் பத்தாம் வகுப்பு வரை வந்த பெண் அவள் ஒருத்திதான். உயரமாக இருப்பாள், கடைசி பெஞ்சில் உட்காருவாள், கேள்வி கேட்டால் எழுந்து நின்று வெகு நேரம் யோசிப்பாள். பதில் தப்பாக வந்தாலும் வெட்கப்பட மாட்டாள். "மறுபடி சொல்லுங்க டீச்சர்" என்பாள். வேறு யாரும் அப்படிக் கேட்டதில்லை. அரையாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் தேறிவிட்டாள். நர்ஸ் வேலைக்குப் படிக்க எஸ்.எஸ்.எல்.சி. போதுமா என்று ஒருநாள் விசாரித்தாள். போதும் என்றார் ரத்தினபாய். சானடோரியத்து ஆஸ்பத்திரியில் வெள்ளைத் தொப்பி வைத்துப் போகிற நர்ஸுகளை ரயிலடியில் பார்த்திருப்பாள் போலிருக்கிறது.

1965 ஜனவரியில் ஹிந்தி எதிர்ப்புப் போராட்டம் வெடித்தது. பெரிய வகுப்பு மாணவர்கள் கோஷம் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனார்கள். பள்ளிகளை வாரக்கணக்கில் மூடினார்கள். திறந்தபோது பாடங்கள் பாதியில் நின்றன. ஏ பிரிவுப் பிள்ளைகளுக்கு வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்தது. எஃப் பிரிவில் அந்த வாரங்கள் போனது போனதுதான். ஆண்டுத் தேர்வில் கன்னியம்மா கணக்கில் நல்ல மார்க் வாங்கினாள். ஆங்கிலத்தில் கொஞ்சத்தில் விட்டுவிட்டாள்.

லிஸ்ட் ஒட்டுவதற்கு முந்தைய நாள் ரத்தினபாய் தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார்.

"சார், இந்த ஒரு பொண்ணு. நிச்சயம் பாஸ் பண்ணுவா. இங்கிலீஷுக்கு நான் பொறுப்பு."

"எப்படிப் பொறுப்பு எடுப்பீங்க?" என்று கேட்டார் ஞானையா. கோபமே இல்லை. "பப்ளிக் எக்ஸாம் நீங்களா எழுதப் போறீங்க?"

"நிறுத்தினா அவங்க அப்பா அனுப்ப மாட்டார் சார். இதோட முடிஞ்சுடும்."

ஞானையா ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். வெளியே புதிய விஞ்ஞானக் கூடத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"அது எப்படி வந்ததுன்னு நினைக்கறீங்க? ரிசல்ட் காட்டினேன், சாங்ஷன் ஆச்சு. ரிசல்ட் குறைஞ்சா அடுத்த கட்டடம் வேற ஊருக்குப் போயிடும். அந்தக் கட்டடம் வந்தா இன்னும் முந்நூறு பிள்ளைங்க உள்ள வரலாம். அதுலயும் பொண்ணுங்க இருப்பாங்க இல்லையா? நீங்க ஒரு கன்னியம்மாவைப் பார்க்கறீங்க டீச்சர். நான் அப்படிப் பார்க்க முடியாது."

"எனக்கு அவளை மட்டும்தான் சார் தெரியும்."

"அதனாலதான் லிஸ்ட் நான் போடறேன்" என்றார் அவர்.

ஒரு வாரம் கழித்து ரத்தினபாய் முடிச்சூருக்குப் போனார். தனசிங் சைக்கிளில் பின்னால் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். வெயில் மண்டையைப் பிளந்தது. கன்னியம்மாவின் அப்பா களத்தில் வைக்கோல் உதறிக்கொண்டிருந்தார். தலைத்துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார்.

"இன்னா டீச்சர், இம்மாந்தூரம்?"

ரத்தினபாய் சொன்னார். இன்னும் ஒரே ஒரு வருடம். ஆங்கிலத்துக்குத் தானே வீட்டில் வைத்துச் சொல்லிக்கொடுப்பதாகச் சொன்னார். தேவைப்பட்டால் தன் வீட்டிலேயே தங்கட்டும் என்றும் சொன்னார்.

அவர் கடைசிவரை கேட்டார். "நீங்க நல்லவங்கதான். பொண்ணு சொல்லிக்கினே இருப்பா. ஆனா பெரிய வாத்தியாரு வேணான்னு எழுதி ஒட்டிட்டாரு. ஊரு ஜனம் பூரா பாத்துட்டு வந்திச்சு. தேறாத பொண்ணை எதுக்கு இன்னும் அனுப்பறேன்னு கேக்கறாங்கோ. நான் இன்னா சொல்றது?"

"தேறாத பொண்ணு இல்லீங்க அவ."

"அப்ப ஏன் நிறுத்தினாங்கோ?"

அதற்கு ரத்தினபாயிடம் பதில் இருந்தது. ஆனால் அதை ஒரு குடியானவரிடம் களத்தில் நின்று சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. அவர் தொடங்கினார், பாதியில் விட்டுவிட்டார். கன்னியம்மா வீட்டுக்குள்ளிருந்து வெளியே வரவேயில்லை. மோர் மட்டும் ஒரு சின்னப் பெண் கொண்டுவந்து கொடுத்தாள். ஆவணியில் கன்னியம்மாவுக்குப் படப்பைப் பக்கம் கல்யாணம் ஆனது. ரத்தினபாய் அவளைப் பிறகு பார்க்கவில்லை.

திரும்பும்போது தனசிங் சைக்கிளை மிதித்துக்கொண்டே சொன்னார். "வீடு வீடாப் போனா உன்னால முடியுமா ரத்தினம்? வருஷத்துக்கு அம்பது வீடு."

வீடு வீடாகப் போவதை அவர் விட்டுவிட்டார். வேறு வழி பார்த்தார். நிறுத்தப்பட்டு, டி.சி. வாங்கிய பிள்ளைகளைக் கூப்பிட்டுச் சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பாடம் நடத்தினார். பள்ளியின் மூலமாக இல்லாமல் தனியாகத் தேர்வு எழுதலாம் என்று தைரியம் சொன்னார். முதலில் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். பையன்கள் குரோம்பேட்டைத் தோல் ஷெட்டுகளில் வேலைக்குப் போய்விட்டு, கையில் சுண்ணாம்பு வெடிப்போடு வருவார்கள். பேனாவைப் பிடிக்க வலிக்கும். விஞ்ஞானம் சொல்லிக்கொடுக்க ஆள் இல்லை. செய்முறைக்குக் கூடம் இல்லை. எழுதியவர்கள் ஒவ்வொருவராகத் தோற்றார்கள். பத்திரிகையில் எண் வராத அன்று இரண்டு பேர் கோயில் வாசல் வரை வந்து, உள்ளே வராமல் திரும்பிப் போனார்கள். மூன்றாம் வருடம் கூடம் காலியாகவே இருந்தது. ரத்தினபாய் சில சனிக்கிழமைகள் மட்டும் போய் உட்கார்ந்துவிட்டு வந்தார்.

ஆண்டு ஆய்வுக்கு ஒரு கல்வி அதிகாரி வந்தபோது, நேரில் சொல்லிவிடலாம் என்று வராந்தாவில் காத்து நின்றார். அதிகாரி கழுத்தில் மாலையோடு வந்தார். ரத்தினபாய் சொன்னதை நின்று கேட்டார்.

"ஏம்மா, நல்லா நடக்கற ஸ்கூல்ல எதுக்கு இந்தப் பேச்சு?" என்றார். "எங்கெங்கயோ போய் ஞானையா சாரைப் பாருங்க, அவரை மாதிரி செய்யுங்கன்னு சொல்லிட்டு வரேன் நான்." மாலையைக் கழற்றிப் பியூன் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஞானையாவுக்கு விஷயம் தெரிந்தது. அவர் அதைப் பற்றி ரத்தினபாயிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. மறுவருடமும் எஃப் பிரிவைக் கொடுத்தார்.

1970இல் பள்ளி நூறு சதவீதம் வாங்கியது. எஸ்.எஸ்.எல்.சி. எழுதிய ஒருவர்கூடத் தோற்கவில்லை. தாம்பரம் முழுக்க அன்று ஒரே பேச்சு. பஜாரில் வெடி வெடித்தார்கள். மைதானத்தில் பந்தல் போட்டு விழா எடுத்தார்கள். பழைய மாணவர்கள் மேடையேறினார்கள். ஒருவர் என்ஜினீயர், ஒருவர் டாக்டர், ஒருவர் தில்லியில் பெரிய உத்தியோகம். எல்லோரும் ஞானையாவின் காலைத் தொட்டார்கள். அதில் பொய் எதுவும் இல்லை. நெல் மில் கிடங்கில் தொடங்கிய பள்ளி அவர்களை அங்கே கொண்டுவந்து நிறுத்தியிருந்தது. ரத்தினபாயும் முதல் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். அந்த வருடம் பத்தாம் வகுப்பில் நிறுத்தப்பட்டவர்கள் இதுவரை இல்லாத அளவு. அவர்களில் சிலர் பந்தலுக்கு வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு விழா நாடகத்தைப் பார்த்தார்கள்.

நூறு என்ற எண் வந்ததும் கூட்டம் அலைமோதியது. புதிதாக வீடு கட்டிக் குடிவந்த ஆபீஸ்காரர்கள் சிபாரிசோடு வந்து நின்றார்கள். மாடிக் கட்டடம் எழும்பியது. காலையும் மதியமுமாக இரண்டு ஷிஃப்ட் நடந்தது. பிரிவுகள் எச், ஐ என்று நீண்டன. நூற்றிலிருந்து கீழே இறங்குவது என்பதை இனி யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை. ஞானையாவே அதற்குப் பயந்தார் என்று வேதசிரோமணி சொல்வார். ரிசல்ட் வருகிற நாளில் அவருக்குச் சாப்பாடு இறங்காதாம்.

கிருபா அந்தப் பள்ளியில்தான் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தாள். சாதுவான பெண். நன்றாகப் பாடுவாள், கோயில் பாட்டுக்குழுவில் அவள் குரல் தனியாகக் கேட்கும். கணக்கு அவளுக்கு வரவில்லை. அம்மா அந்தப் பாடத்தில் எத்தனையோ பேரைக் கரையேற்ற முயன்றவர், ஆனால் சொந்தப் பெண் முன்னால் உட்கார்ந்தால் அவருக்கே பொறுமை போய்விடும். வீட்டில் கணக்கு நேரம் அழுகையில்தான் முடியும். 1972இல் கிருபா பத்தாம் வகுப்பு முடித்தாள். விடைத்தாள் ரத்தினபாயின் கைக்கு வராது, வேறு ஆசிரியர் திருத்தினார். ஆனாலும் கிருபா வீட்டுக்கு வந்து எழுதிக் காட்டியதிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. தேறாது.

மே மாதம் லிஸ்ட் ஒட்டிய அன்று ரத்தினபாய் கூட்டம் குறையும் வரை ஸ்டாஃப் ரூமிலேயே இருந்தார். பிறகு போய்ப் பார்த்தார். கிருபாவின் பெயர் இருந்தது.

அவர் மறுபடி படித்தார். பிறகு தலைமை ஆசிரியர் அறைக்குப் போனார். ஞானையா கோப்பில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"சார், கிருபா பேர்…"

"ஆமா. போட்டிருக்கேன்." அவர் பேனாவை மூடி வைத்தார். "இத்தனை வருஷமா நீங்க கேட்டதைத்தானே செஞ்சிருக்கேன் டீச்சர். ஒரு பிள்ளையை நம்பி அனுப்புங்கன்னு. ஒரு வருஷம் நீங்க பக்கத்துலயே இருந்து சொல்லிக்கொடுப்பீங்க. பாஸ் பண்ணிடுவா."

ரத்தினபாய் நின்றுகொண்டிருந்தார்.

"வேண்டாமா?" என்று கேட்டார் ஞானையா. கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார். "வேண்டாம்னா சொல்லுங்க. இப்பவே அடிச்சுடறேன்."

சொல்ல வேண்டிய வார்த்தை ஒன்றே ஒன்றுதான். அதைச் சொன்னால் கிருபா மறுபடி ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் உட்காருவாள். சின்னப் பிள்ளைகளோடு. எல்லோரும் பார்ப்பார்கள். அந்தப் பெண் தாங்க மாட்டாள் என்று அவருக்குத் தோன்றியது. ஒவ்வொரு பெண்ணையும் பற்றி அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கிறது. ஞானையா காத்திருந்தார். பிறகு பேனாவைத் திறந்து அடுத்த தாளை எடுத்தார். ரத்தினபாய் வெளியே வந்தார்.

இரண்டு நாள் கழித்து சாயங்காலம் நூர் பீவி வீட்டுக்கு வந்தார். பஜாரில் தையல்கடை வைத்திருந்த அத்தாவுல்லாவின் மனைவி. அவர்கள் மகள் ஹஃபீசாவும் கிருபாவும் ஒரே பெஞ்சு. ஹஃபீசாவை நிறுத்திவிட்டார்கள். நூர் பீவி உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியருகே நின்றார்.

"டீச்சர், நான் சண்டைக்கு வரலை. தெரிஞ்சிக்கத்தான் வந்தேன். புள்ள அழுதுகினே கீது. கணக்குல கிருபாவைவிட எனக்குத்தான் மார்க்கு ஜாஸ்தின்னு சொல்லுது. மத்த பாடமும் அதுக்குக் கொறைவு இல்லியாம். நெஜமா டீச்சர்?"

சமையல் கட்டுக்குள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த கிருபாவின் கை நின்றது. தண்ணீர்ச் சத்தம் நின்றதிலிருந்து ரத்தினபாய்க்குத் தெரிந்தது.

"எனக்குத் தெரியாதும்மா" என்றார் ரத்தினபாய். "அந்தப் பேப்பர் நான் திருத்தலை."

"நீங்க கேட்டுச் சொல்ல முடியுமா? இன்னொரு வருசம்னா அவுங்க அத்தா வுட மாட்டாரு. இப்பவே மாப்பிள்ளை பாக்கறாரு. நீங்க இந்த மாதிரிப் புள்ளைங்களுக்காகப் பேசுவீங்கன்னு எல்லாரும் சொல்லுவாங்க. அதான் வந்தேன்."

"லிஸ்ட் ஒட்டினப்புறம் மாத்த மாட்டாங்க."

நூர் பீவி கொஞ்ச நேரம் அவர் முகத்தைப் பார்த்தார். "சரி டீச்சர்" என்றார். படியிறங்கும்போது செருப்பைத் தேடி ஒரு நிமிடம் குனிந்திருந்தார். பிறகு போய்விட்டார். ஹஃபீசாவின் டி.சி.யை அடுத்த வாரமே அத்தாவுல்லா வந்து வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் அந்த வீட்டில் கணக்கைத் தவிர வேறு பேச்சு இல்லை. கோயில் பாட்டுக்குழுவுக்குப் போவதைக் கிருபா நிறுத்தினாள். ரத்தினபாய் நிறுத்தச் சொல்லவில்லை. விடிந்ததும் கணக்கு, சாயங்காலம் கணக்கு. கிருபா இப்போது அழவில்லை. சொன்னதைச் செய்தாள். எஸ்.எஸ்.எல்.சி.யில் எல்லாப் பாடத்திலும் மயிரிழையில் தேறினாள். பள்ளியும் நூறு சதவீதத்தைத் தக்கவைத்துக்கொண்டது.

ரிசல்ட் வந்த அன்று தனசிங் ஸ்வீட் வாங்கி வந்தார். கிருபா ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு சொன்னாள்:

"ஹஃபீசா இருந்தா என்னைவிட நல்லா பாஸ் பண்ணியிருப்பாம்மா."

"அதை ஏன் இப்ப நினைக்கறே?"

"நீங்க நினைக்கறதில்லையா?"

தனசிங் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். கிருபா கேள்வியை மறுபடி கேட்கவில்லை. டைப்ரைட்டிங் கற்றுக்கொண்டு, வேலூரில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்ததும் போய்விட்டாள். விடுதியில் தங்கினாள். கிறிஸ்துமஸுக்கு வருவாள், நன்றாகத்தான் பேசுவாள், அப்பாவுக்குச் சட்டைத்துணி வாங்கி வருவாள். பள்ளியைப் பற்றி யாராவது எடுத்தால் எழுந்து வேறு வேலை பார்ப்பாள்.

ரத்தினபாயும் பள்ளியில் பேசுவதை நிறுத்திவிட்டார். பேசலாம் என்று வாய் திறந்தால், எதிரில் இருப்பவர் கிருபாவைச் சொல்லிவிடுவாரோ என்று இருக்கும். யாரும் சொன்னதில்லை. எல்லோருக்கும் தெரியும் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். பாடத்தில் குறை வைக்கவில்லை. தர்பூசணி வாங்கிப் போவதெல்லாம் எப்போதோ நின்றுபோயிருந்தது.

1975இல் ஞானையா ஓய்வு பெற்றார். ஆசிரியைகள் சார்பில் பேச ரத்தினபாயைத்தான் கூப்பிட்டார்கள், வேதசிரோமணி ஓய்வு பெற்ற பிறகு அவர்தான் இருந்தவர்களில் மூத்தவர். கிடங்கில் தொடங்கியதையும், மணல் கேட்டுப் போனதையும், மாடிக் கட்டடத்தையும் சொன்னார். நூறு சதவீதத்தைச் சொன்னார். கூட்டம் கைதட்டியது. இறங்கும்போது ஞானையா எழுந்து கும்பிட்டார். கண் கலங்கியிருந்தது. "நீங்க ஒருத்தர்தான் என்கிட்ட எதிர்த்துப் பேசினவங்க" என்றார் மெதுவாக. "அதை நான் மறக்கலை." எப்போது நிறுத்தினீர்கள் என்று அவர் கேட்கவில்லை. ரத்தினபாயும் கும்பிட்டுவிட்டுத் தன் நாற்காலிக்குப் போனார்.

எழுபதுகளின் கடைசியில் அரசாங்கம் படிப்பு முறையை மாற்றியது. பதினோராம் வகுப்பு எஸ்.எஸ்.எல்.சி. போய், பத்தாம் வகுப்பிலேயே பொதுத்தேர்வு என்றானது. அதற்கு மேலே பிளஸ் டூ. பெரிய ஸ்கூல் மேல்நிலைப் பள்ளி ஆயிற்று. செய்தி வந்த அன்று ரத்தினபாய் வீட்டுக்கு வந்து, வெகு நாளைக்குப் பிறகு தானாகப் பேச்செடுத்தார்.

"பத்தாவதுதான் இனி பப்ளிக். அப்ப பத்தாவதுல யாரையும் நிறுத்த முடியாது இல்லையா?" என்றார் கணவரிடம். "எல்லாரும் எழுதித்தானே ஆகணும்?"

"நல்லதுதானே" என்றார் தனசிங். அவருக்கு அப்போது மூச்சிரைப்பு வந்திருந்தது. ஷெட்டில் இருந்த காலத்துத் தூசு என்றார் டாக்டர். சாய்ந்து உட்கார்ந்தபடியே மனைவியைப் பார்த்தார். அந்த முகத்தை அப்படிப் பார்த்து வருடங்கள் ஆகியிருந்தன.

புதிய தலைமை ஆசிரியர் இளையவர், சுறுசுறுப்பானவர். ஆசிரியர் கூட்டத்தில் புதிய முறையை விளக்கினார். கடைசியில், "இனிமே நாம ஒன்பதாவதுல ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்" என்றார். "அங்கேயே பார்த்து அனுப்பினாத்தான் பத்தாவதுல பெர்சன்டேஜ் நிக்கும். அனுபவம் உள்ளவங்க ஒருத்தர் ஒன்பதாவது பிரிவு எல்லாத்துக்கும் பொறுப்பு எடுத்துக்கிட்டா நல்லது. ரத்தினபாய் மேடம், நீங்க எடுத்துக்கறீங்களா?"

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். வேதசிரோமணி இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பார். ரத்தினபாய் சரி என்றார்.

அந்த வருட முடிவில் லிஸ்டை அவரே போட்டார். பதினைந்து வயதுக்குப் பதில் இப்போது பதினாலு வயதுப் பிள்ளைகள். மார்க்கைப் பார்த்தார், இந்தப் பிள்ளை தேறுமா தேறாதா என்று யோசித்தார், பேனாவால் கோடு போட்டார். சந்தேகமானவர்களை அவர் மேலே அனுப்பவில்லை. ஒரு பெயருக்குச் சலுகை காட்டினால் மற்றதற்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை. பெற்றோர் வந்து கேட்டார்கள். ஆங்கிலம் போதவில்லை, விஞ்ஞானம் போதவில்லை என்று ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் சொன்னார். சிலர் அழுதார்கள். ஒருவர் திட்டிவிட்டுப் போனார்.

ரத்தினபாய் வீட்டுக்கு வந்ததும் தனசிங் அவர் முகத்தைப் பார்த்து, "போதும் ரத்தினம். எழுதிக் கொடுத்துட்டு வந்துடு" என்றார். "ரெண்டு பேருக்கும் என் பென்ஷன் காணும்."

"வந்து?"

"வீட்டுல இரு."

ரத்தினபாய் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கிருபாவின் அறைக் கதவு சாத்தியிருந்தது. அது எப்போதும் சாத்தித்தான் இருக்கும். "வீட்டுல இருந்து என்ன செய்யப் போறேன்" என்று சொல்லிவிட்டு, கணவருக்கு மருந்து கலக்க அடுப்பங்கரைக்குப் போனார்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய பிள்ளைகள் வந்தார்கள், நிறுத்தப்பட்ட சிலர் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். ரத்தினபாய் வருகைப் பதிவை எடுத்தார், பெயர்களைக் கூப்பிட்டார், கரும்பலகையைத் துடைத்தார். பின்னங்களிலிருந்து தொடங்கினார்.